பழைய கார் ஹாரன்கள்: எது எது, எங்கே எப்படிப் பூட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு மாடல் டி, மாடல் ஏ, 1930-க்கு முந்தைய வேறு அமெரிக்க, பிரிட்டிஷ் வண்டிகளை வைத்திருப்பவர்கள் என்னிடம் கேட்பவை இவை. வண்டியே இல்லாமல் ஹாரனை மட்டும் வாங்கிவிட்டு முழிப்பவர்களும் கேட்கிறார்கள். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். முதல் ஹாரன் வந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அதை மாட்ட ஒரு வண்டி கிடைத்தது.

காயலாங்கடையில் ஒரு ஹாரன் கிடைத்தது. என்ன வகை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

எல்லோரும் வாயைத்தான் பார்க்கிறார்கள். புனல் எவ்வளவு அகலம், எத்தனை சுற்று, எவ்வளவு பளபளப்பு என்று. வாய் எல்லாம் ஒரே ஜாதி, அதில் ஒன்றும் தெரியாது. ஹாரனைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். சத்தத்துக்கான சக்தி எங்கிருந்து வருகிறது என்பதை அதுதான் சொல்லும்.

பின்னால் ரப்பர் பந்து, அல்லது பந்து மாட்டுகிற குழாய்க் கழுத்து இருந்தால் காற்று ஹாரன். நம்ம ஊர் ஆட்டோவில் ‘பாம் பாம்’ என்று அடிப்பதற்குத் தாத்தா. மேலே அழுத்துகிற தண்டோ சுற்றுகிற கைப்பிடியோ இருந்தால் கை ஹாரன். உருண்டையான டப்பாவும் அதிலிருந்து ஒயரும் இருந்தால் மின்சார ஹாரன். இதில் உள்ளே மோட்டார் இருப்பது ஒன்று, வெறும் காயில் மட்டும் இருப்பது இன்னொன்று. பின்னால் தடித்த இரும்புக் குழாய்க் கழுத்தும் உள்ளே கரியும் இருந்தால் எக்ஸாஸ்ட் ஹாரன், அதாவது இன்ஜின் புகையால் ஊதுவது. விரலை உள்ளே விட்டு எடுத்தால் கறுப்பாக வரும்.

இந்த நாலில் எது என்று தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அப்புறம்தான் கம்பெனியும் வருஷமும்.

ரப்பர் பந்து ஹாரனில் அசலையும் புதுசையும் பிரிப்பது எப்படி?

அதிகம் பேர் ஏமாறுவது இதில்தான். முராதாபாத் மாதிரிப் பித்தளை ஊர்களில் அலங்காரத்துக்காகச் செய்யப்படும் ஹாரன்கள் உலகம் முழுக்கப் போகின்றன. அழகாகத்தான் இருக்கும், சத்தமும் வரும். ஆனால் 1910-ல் செய்தது என்று சொல்லி விற்றால் அது வேறு கதை.

முதலில் திருகைப் பாருங்கள். கூட்டல் குறி போட்ட பிலிப்ஸ் தலைத் திருகு 1930-களின் நடுவில்தான் கார்த் தொழிற்சாலைகளுக்கு வந்தது. பித்தளைக் காலத்து (கார்களில் பித்தளைப் பாகங்கள் மின்னிய ஆரம்ப நாட்கள்) ஹாரனில் அது இருந்தால் யாரோ பின்னால் மாற்றியிருக்க வேண்டும், இல்லையென்றால் ஹாரனே பின்னால் பிறந்தது. அடுத்து மரை. அமெரிக்க ஹாரன் என்றால் அங்குலக் கணக்கு. கால் அங்குல போல்டின் விட்டம் 6.35 மி.மீ., சாதாரண வகையில் அங்குலத்துக்கு 20 மரை. நம்ம கடையில் கிடைக்கும் எம்6 போல்டு 6 மி.மீ. அசல் நட்டுக்குள் எம்6 போல்டு சரியாக ஏறாது. பிராக்கெட் துளையில் எம்6 அளவாக, இறுக்கமாக ஏறினால் ‘அமெரிக்க ஹாரன்’ என்ற பேச்சைச் சந்தேகப்படுங்கள். பிரிட்டிஷ் ஹாரனில் விட்வொர்த் அல்லது பி.ஏ. என்ற அந்த நாட்டு மரை வகை வரும். பிரெஞ்சு, ஜெர்மன் ஹாரன்களில் மெட்ரிக்தான் இயல்பு, அங்கே இந்தச் சோதனை செல்லாது.

மூன்றாவது தேய்மானம். நூறு வருஷம் பாலிஷ் பார்த்த பித்தளைத் தகட்டில் எழுத்துகளின் ஓரம் மழுங்கியிருக்கும். பற்றாசு வைத்த இடுக்குகளில் பழைய பாலிஷ் வெள்ளையாகவோ பச்சையாகவோ உறைந்து கிடக்கும். மேலே பழுப்பு, இடுக்கில் பளிச் என்று தலைகீழாக இருந்தால் அந்தப் பழுப்பு ஆசிட்டில் வந்தது. காந்தத்தையும் வைத்துப் பாருங்கள். கறுப்பு எனாமலோ நிக்கல் முலாமோ போட்ட இரும்பு ஹாரன் அந்தக் காலத்திலும் உண்டு, ஆகவே காந்தம் ஒட்டியதுமே போலி என்று தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஆனால் இரும்பின் மேல் பித்தளை முலாம் என்றால் அது பெரும்பாலும் சுவரில் மாட்டுவதற்குச் செய்தது.

கடைசியாகப் புனலைக் கழற்றி, காற்றில் அதிர்ந்து சத்தம் தருகிற நாக்கைப் பாருங்கள். அசலில் மெல்லிய பித்தளை நாக்கு. பிளாஸ்டிக் நாக்கு இருந்தால் பேச்சே இல்லை.

பெயர்த்தகடு இருக்கிறது. அதை எவ்வளவு நம்பலாம்?

தகடு ஒரு சாட்சி, அவ்வளவுதான். தகட்டை மட்டும் புதிதாகச் செய்து ஒட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். தகட்டுக்கும் உடம்புக்கும் ஒரே வயது தெரிகிறதா, ரிவெட் பழையதா என்று பாருங்கள்.

அடிக்கடி கண்ணில் படும் பெயர்களைச் சொல்கிறேன். ரூப்ஸ், நான்பெரெய்ல் என்றிருந்தால் பந்து ஹாரன், ஆரம்ப கால மாடல் டி வண்டிகளில் பார்க்கலாம். ஸ்பார்ட்டன் என்பது மிச்சிகன் மாநிலம் ஜாக்சனில் இருந்த ஸ்பார்க்ஸ்-விதிங்டன் கம்பெனியின் மின்சார ஹாரன், ஹட்சன் கார்களில் வந்தது. ஸ்டூவர்ட்-வார்னர் சிகாகோ கம்பெனி. அவர்களுடைய கறுப்பு எனாமல் கை ஹாரன் இன்றும் நிறையக் கிடைக்கிறது. கேப்ரியல் என்றால் கிளீவ்லாண்டில் கிளாட் ஃபாஸ்டர் நடத்திய கம்பெனி, எக்ஸாஸ்ட் ஹாரன். பின்னால் ஷாக் அப்சார்பரில் பெயர் வாங்கிய கேப்ரியலும் அதுதான், தேவதூதனின் எக்காளத்திலிருந்து எடுத்த பெயர். லூகாஸ் என்றால் பர்மிங்காம், ‘கிங் ஆஃப் த ரோடு’ என்ற முத்திரையோடு வரும். பாஷ் தன் ஹாரனை 1921-ல் கொண்டுவந்தது. ஆகவே 1912 வண்டிக்கு ‘அசல் பாஷ் ஹாரன்’ என்று யாராவது நீட்டினால் சிரித்துவிட்டு வந்துவிடலாம்.

தகட்டில் காப்புரிமைத் தேதிகள் வரிசையாக இருந்தால் கடைசித் தேதியைப் பாருங்கள். ஹாரன் அதற்கு முன்னால் செய்யப்பட்டிருக்க முடியாது. அதற்குப் பின் எத்தனை வருஷம் கழித்து என்பதை அந்தத் தேதி சொல்லாது. விற்பவர்கள் எப்போதும் முதல் தேதியைத்தான் வாசித்துக் காட்டுவார்கள்.

‘ஆ...ஊ...கா’ என்று கத்துவதெல்லாம் க்ளாக்ஸன்தானா?

இல்லை. வனஸ்பதி என்றாலே டால்டா என்கிற மாதிரி ஆகிவிட்ட பெயர் அது. க்ளாக்ஸன் என்பது நியூ ஜெர்சியின் நுவார்க் நகரில் இருந்த லவல்-மெக்கானல் கம்பெனி 1908-ல் சந்தைக்குக் கொண்டுவந்த ஹாரன். கிரேக்க மொழியில் ‘கிறீச்சிடு’ என்ற பொருள் தரும் சொல்லிலிருந்து வைத்த பெயர். கண்டுபிடித்தவர் மில்லர் ரீஸ் ஹட்சிசன். இவர் அதற்கு முன்பே காது கேளாதவர்களுக்கான மின்சாரக் காதுக்கருவி செய்தவர், பின்னால் தாமஸ் எடிசனிடம் தலைமைப் பொறியாளராக இருந்தவர். ஊரைச் செவிடாக்கினால் காதுக்கருவி விற்கும் என்றுதான் க்ளாக்ஸன் செய்தார் என்று ஒரு கேலிப் பேச்சு உண்டு.

வேலை செய்யும் விதம் எளிது. ஒரு இரும்புத் தகட்டின் நடுவே சின்னக் குமிழ். அதன் மேல் உரசுகிற மாதிரி ஒரு பல்சக்கரம். சக்கரம் சுற்றும்போது ஒவ்வொரு பல்லும் குமிழைத் தட்டும், தகடு அதிரும். வேகம் ஏறினால் சுருதி ஏறும், இறங்கினால் இறங்கும். அந்த ‘ஆ...ஊ...கா’ என்பது மோட்டார் எழுந்து ஓடி ஓய்கிற சத்தம்தான். ஆகவே சுருதி ஏறி இறங்கினால் உள்ளே பல்சக்கரம் இருக்கிறது, ஒரே சுருதியில் நின்றால் இல்லை. ஹாரனைக் கழற்றாமலே கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்லிவிடலாம்.

இதே முறையில் வேறு பல கம்பெனிகளும் செய்தன. க்ளாக்ஸன் தகட்டில் லவல்-மெக்கானல் பெயர் இருந்தால் அது முந்தைய காலம். அந்தக் கம்பெனி யுனைடெட் மோட்டார்ஸ் குழுமத்துக்குப் போய், அதன் வழியாக 1918-ல் ஜெனரல் மோட்டார்ஸில் சேர்ந்தது. 1920-களின் பிற்பகுதியில் ஜெனரல் மோட்டார்ஸின் மின்சாமான் கிளையான டெல்கோ-ரெமியின் பெயரோடு வரும்.

பச்சைப் பெயின்ட் அடித்த கை க்ளாக்ஸன் கிடைத்திருக்கிறது. எந்தக் காரில் இருந்திருக்கும்?

காரிலேயே இருந்திருக்காது என்று நினைக்கிறேன். முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளில் விஷவாயு எச்சரிக்கைக்குக் கை க்ளாக்ஸன் பயன்பட்டது. பெயின்டைச் சுரண்டும் முன் உடம்பில் அம்புக்குறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அது பிரிட்டிஷ் அரசுச் சொத்தின் அடையாளம். இருந்தால் அந்தப் பச்சையைத் தொடாதீர்கள். பித்தளையாக்கிப் பளபளக்க வைத்தால் ஒரு போர்க்காலப் பொருளைச் சாதாரண ஹாரனாக ஆக்கிவிடுவீர்கள்.

மாடல் டி ஹாரனைப் பேட்டரியில் கொடுத்தால் ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. கெட்டுப்போச்சா?

கெடவில்லை. கையை எடுங்கள், கெட்டுவிடும். நான் ஒன்றை அப்படித்தான் எரித்தேன். ‘டிக்’ என்றது, சரி, துரு பிடித்திருக்கும், கொஞ்ச நேரம் மின்சாரம் கொடுத்தால் இளகும் என்று பட்டனை அழுத்திப் பிடித்தேன். அரக்கு எரிகிற வாடை வந்த பிறகுதான் விஷயம் புரிந்தது.

1915 முதல் ஃபோர்டு மாடல் டி-யில் பந்து ஹாரனுக்குப் பதிலாக மேக்னெட்டோ ஹாரனைப் போட ஆரம்பித்தது. மாடல் டி-யின் பறக்கும் சக்கரத்தில் (ஃப்ளைவீல்) 16 காந்தங்கள் உண்டு, எதிரே 16 காயில்கள். இந்த ஜோடிதான் மேக்னெட்டோ. இன்ஜின் ஒரு சுற்றுச் சுற்றினால் மின்சாரம் எட்டு முறை முன்னும் பின்னும் திரும்பும். அதாவது ஏ.சி. மின்சாரம். ஹாரனுக்குள் காயிலும் தகடும்தான் இருக்கின்றன. மற்ற ஹாரன்களில் மின்சாரத்தை விட்டு விட்டுத் தருகிற பாயின்ட் இதில் கிடையாது. விட்டு விட்டுத் தருகிற வேலையை மேக்னெட்டோவே செய்துவிடுகிறது. பேட்டரி கொடுப்பது டி.சி., ஆகவே தகடு ஒரு தடவை இழுபட்டு அப்படியே ஒட்டி நிற்கும். உங்களுக்குக் கேட்ட ‘டிக்’ அதுதான்.

சோதிக்க வேண்டுமானால் 6 அல்லது 12 வோல்ட் ஏ.சி. தரும் சின்ன டிரான்ஸ்ஃபார்மர் போதும். இரண்டு நொடி கொடுத்துப் பாருங்கள், கரகரவென்று அடித்தொண்டையில் உறுமும். நம்ம வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 சுழற்சி. ஒரு சுற்றுக்கு எட்டு என்ற கணக்கில் அது இன்ஜின் நிமிஷத்துக்கு 375 சுற்றுப் போவதற்குச் சமம், மெதுவான ஐடிலிங். வண்டியில் பூட்டி ஓட்டினால் 1,200 சுற்றில் நொடிக்கு 160 சுழற்சி, சுருதி எகிறும். மாடல் டி மலை ஏறுகிறதா, ஓய்ந்து நிற்கிறதா என்பதை ஹாரன் சத்தத்திலேயே கண்டுபிடிக்கலாம்.

இன்ஜின் நின்றால் இந்த ஹாரனும் ஊமை. இதனால்தான் பல சொந்தக்காரர்கள் கூடவே ஒரு கை ஹாரனையும் மாட்டினார்கள். உங்கள் வண்டியில் அடைக்கப்பட்ட பழைய துளைகள் இருந்தால் அதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

மாடல் ஏ-க்கு எந்த ஹாரன்?

1928–31 மாடல் ஏ-யில் வண்டியோடு வந்ததே மோட்டார் ஹாரன். இடது ஹெட்லைட்டுக்குக் கீழே இருக்கும், 6 வோல்ட். ஃபோர்டு இதை ஏம்ஸ், ஈ.ஏ., ஜி.ஐ.சி., ஸ்பார்ட்டன், ஸ்டூவர்ட்-வார்னர் என்று பல இடங்களிலிருந்து வாங்கியது. ஆகவே இரண்டு மாடல் ஏ-யில் இரண்டு விதமான ஹாரன் இருந்தால் ஒன்று போலி என்று சண்டை போட வேண்டாம்.

பூட்டுவதில் ஒரே ஒரு சிக்கல். இதில் ஸ்டியரிங் பட்டன் எர்த்தைத்தான் சேர்த்துக் கொடுக்கிறது. ஹாரனுக்கு இரண்டு ஒயர், ஒன்றில் எப்போதும் மின்சாரம் இருக்கும். நம்ம ஊர் எலக்ட்ரீஷியன் பழக்கதோஷத்தில் இரண்டாவது ஒயரை வண்டி உடம்பில் எர்த் பண்ணிவிடுவார், உடனே நிற்காமல் அலறும். பேட்டரியின் பாசிட்டிவ்தான் எர்த் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஹாரன் மோட்டாருக்கு எந்த முனை எங்கே என்பது ஒரு பொருட்டில்லை, எப்படிக் கொடுத்தாலும் ஒரே பக்கம்தான் சுற்றும். மற்ற மின்சாமான்களுக்குப் பொருட்டு உண்டு.

மோட்டார் சுற்றுகிறது, சத்தம் வரவில்லை என்றால் பின்னால் உள்ள சரிசெய்யும் திருகைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பாருங்கள். பல்சக்கரம் குமிழைத் தொட்டும் தொடாமலும் இருக்க வேண்டும். அதிகம் அழுத்தினால் மோட்டார் திணறும், குமிழும் தேய்ந்துபோகும். குமிழில் ஒரு பொட்டு கிரீஸ் வைக்கலாம். கார்பன் பிரஷ் பக்கம் கிரீஸ் போகவே கூடாது.

பந்து ஹாரனை எங்கே பூட்டுவது? பழைய படங்களில் இடது பக்கம் இருக்கிறதே?

அது அமெரிக்கப் படம். அங்கே ஓட்டுநர் இடப்பக்கம். நம்ம நாட்டுக்கு வந்த ஃபோர்டுகள் கனடா ஃபோர்டிலிருந்து வந்த வலது ஸ்டியரிங் வண்டிகள். 1926-ல் பம்பாயில் தொடங்கிய ஃபோர்டு கம்பெனியும் கனடா கிளைதான். ஆகவே பந்து வலது கைக்கு எட்டும் இடத்தில் வர வேண்டும். படத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோல் திருப்பிக்கொள்ளுங்கள்.

இடத்தைத் தீர்மானிக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஓட்டும் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்துப் பந்தைத் தேடுங்கள். கை தானாகப் போய் நிற்கும் இடம்தான் பந்தின் இடம். அங்கே ஒரு மாஸ்கிங் டேப் ஒட்டிவிட்டு, கதவைத் திறந்து மூடிப் பாருங்கள், கைபிரேக்கை முழுக்க இழுத்துப் பாருங்கள். முட்டி இடிக்கிறதா? இடிக்கும். முதல் தடவை எல்லோருக்கும் இடிக்கிறது.

புனலின் வாய் முன்னே பார்க்க வேண்டும், நாலைந்து டிகிரி கீழே சாய வேண்டும். நேராகவோ மேலாகவோ இருந்தால் மழைத்தண்ணீர் உள்ளே இறங்கி நாக்கில் பச்சை படியும். வாயில் கம்பி வலை இருந்தால் எடுக்காதீர்கள். பந்தை விடும்போது காற்று புனல் வழியாகத்தான் திரும்ப உள்ளே போகும், சாலைப் புழுதியும் கூடவே போகும். அதைத் தடுப்பதற்குத்தான் வலை.

பந்துக்கும் புனலுக்கும் நடுவே வளையும் பித்தளைக் குழாய் இருந்தால் கூர்மையாக மடிக்காமல் அகலமான வளைவாக விடுங்கள். ஓர் அடிக்கு ஒரு கிளிப் போட்டால் அதிராது. பூட்டிய பிறகு இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவிப் பந்தை அழுத்துங்கள். குமிழி வந்தால் கசிவு. கொஞ்சம் கசிந்தாலும் சத்தம் பாதியாகிவிடும்.

துளை போடாமல் பூட்ட முடியுமா?

முடியும், அப்படித்தான் பூட்ட வேண்டும். இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. ஹாரனை நாளைக்கே மாற்றலாம், மட்கார்டில் போட்ட துளையை மாற்ற முடியாது.

இரண்டாகப் பிளந்த கிளாம்ப் ஒன்றைக் கடைசல் பட்டறையில் செய்து வாங்குங்கள். கண்ணாடிச் சட்டத்தின் தூண், ஸ்டியரிங் தண்டு, விளக்குப் பிராக்கெட் என்று உருண்டையாக எது கிடைத்தாலும் அதில் பிடிக்கலாம். விட்டத்தைக் காலிப்பரில் இரண்டு திசையிலும் அளந்து கொடுங்கள், பழைய குழாய்கள் முழு வட்டமாக இருப்பதில்லை. உள்ளே பழைய சைக்கிள் டியூப்பை வெட்டி ஒரு சுற்று வையுங்கள். பெயின்ட் பிழைக்கும், வழுக்காது.

மாடல் டி-யின் மர டேஷில் ஏற்கெனவே துளை இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். மரத்திருகு வேண்டாம், அதிர்ந்து அதிர்ந்து மரையைத் தின்றுவிடும். போல்டு போட்டுப் பின்னால் பெரிய வாஷர் வைத்து இறுக்குங்கள்.

தகடு அதிரும் மின்சார ஹாரன்களுக்கு, முக்கியமாக 1930-களின் மோட்டார் சைக்கிளில் வந்த லூகாஸ் ஆல்ட்டெட் மாதிரியானவற்றுக்கு, விறைப்பான பிராக்கெட் ஆகாது. பட்டை ஸ்பிரிங் போல வளைந்துகொடுக்கும் தகட்டில் தொங்க வேண்டும். கெட்டியாகப் பிடித்தால் குரல் அமுங்கிவிடும். மணியைக் கையால் பிடித்துக்கொண்டு அடிப்பதுபோல.

பந்தை அழுத்தினால் புஸ்ஸென்று காற்றுதான் வருகிறது. நாக்கை மாற்ற வேண்டுமா?

பெரும்பாலும் வேண்டாம், துடைத்தால் போதும்.

புனலுக்கும் பந்துக்கும் நடுவே மரையிட்ட இணைப்பு ஒன்று இருக்கும். நூறு வருஷமாக யாரும் திறக்கவில்லை என்றால் பிடித்துக்கொண்டிருக்கும். பைப் ரிஞ்சை எடுக்காதீர்கள், மெல்லிய பித்தளை நசுங்கிவிடும். வெந்நீரில் முக்கிய துணியைச் சுற்றிச் சூடேற்றி, துருநீக்கி எண்ணெய் விட்டு ஓர் இரவு வையுங்கள். மறுநாள் இரண்டு பக்கமும் சைக்கிள் டியூப்பைச் சுற்றிக் கையால் முறுக்கினால் வந்துவிடும்.

உள்ளே பாதி வெட்டிய சின்னக் குழாய், அதன் வெட்டுவாயின் மேல் பித்தளை நாக்கு. ஆர்மோனியத்தின் நாக்கு துவாரத்துக்குள்ளேயே போய் வரும், இது அப்படியல்ல. குழாயின் விளிம்பில் படீர் படீரென்று அடித்து மூடித் திறக்கும். ஆகவே விளிம்பில் ஒரு மணல் துகள் இருந்தாலும் மூடாது, காற்று மட்டும் வரும். நல்ல வழவழப்பான காகிதத்தை நாக்குக்கும் குழாய்க்கும் நடுவே செருகி, நாக்கை விரலால் லேசாக அமுக்கி, காகிதத்தை இழுங்கள். பச்சையாகக் கோடு வரும். கோடு வருவது நிற்கும் வரை திருப்பிச் செய்யுங்கள். உப்புத்தாள் வேண்டாம், நாக்கு மெலிந்தால் குரலே மாறிவிடும்.

பிறகு பக்கவாட்டில் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். நாக்கின் நுனி விளிம்பைவிட்டு ஒரு மயிரிழை தூக்கி நிற்க வேண்டும். படிந்து கிடந்தால் காற்றே போகாது, அதிகம் தூக்கினால் காற்று மட்டும் போகும். நாதஸ்வரக்காரர் சீவாளியைச் சரிபார்க்கிற மாதிரி, வாயில் வைத்து ஊதி ஊதிப் பார்ப்பதுதான் வழி. முதலில் நன்றாகக் கழுவுங்கள்.

ரப்பர் பந்து வெடித்திருந்தால் ஆட்டோ ஸ்பேர்ஸ் கடையில் கிடைக்கும் பந்து கழுத்து அளவு பொருந்தினால் போதும். புதுப்பேட்டையில் சொல்லி வைத்தால் பெரிய அளவும் கிடைக்கிறது. அசல் பந்து கல் மாதிரி இறுகியிருந்தாலும் தூக்கிப் போடாமல் ஒரு டப்பாவில் வையுங்கள்.

6 வோல்ட் ஹாரன், ஆனால் வண்டியை 12 வோல்ட்டுக்கு மாற்றிவிட்டார்கள். என்ன செய்வது?

சிலர் நேராகக் கொடுத்துவிட்டு, சின்னதாக அழுத்தினால் ஒன்றும் ஆகாது என்பார்கள். சத்தம் பிரமாதமாகத்தான் இருக்கும், கொஞ்ச நாளைக்கு. ஹாரன் 6 வோல்ட்டில் எத்தனை ஆம்பியர் எடுக்கிறது என்று அளந்து, அதற்கேற்ற ரெசிஸ்டரைத் தொடராகப் போடுங்கள். உதாரணமாக 10 ஆம்பியர் என்றால் 0.6 ஓம். அழுத்தும்போது அது 60 வாட்டைச் சூடாக வெளியேற்றும், ஆகவே ஒயர் பின்னல் பக்கத்தில் வைக்காமல் இரும்பில் பூட்டுங்கள்.

6 வோல்ட்டிலேயே இருப்பவர்களுக்கு: ஒயர் மெல்லியதாக இருந்தால் ஹாரன் முனகும். அதே வாட்டுக்கு இரண்டு மடங்கு ஆம்பியர் போக வேண்டியிருக்கிறது. 4 சதுர மி.மீ. செம்பு ஒயர் போட்டு, நூல் பின்னிய உறைக்குள் செருகிவிட்டால் கண்ணுக்கும் பழசாகத் தெரியும்.

எக்ஸாஸ்ட் ஹாரனை இன்று பூட்டலாமா?

காட்சிக்குப் பூட்டலாம், தினமும் ஊத ஆசைப்பட வேண்டாம். கேப்ரியல், சிகாகோவின் ஏர்மோர், பாஸ்டனின் ஜெரிகோ எல்லாம் ஒரே தத்துவம்தான்: சைலன்சருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் குழாயில் ஒரு வால்வு, காலால் மிதித்தால் புகை சைலன்சர் பக்கம் போகாமல் ஹாரனுக்குத் திரும்பும். ஏர்மோரில் நாலு குழாய் சேர்ந்து ஒரே நேரத்தில் ஊதும், ரயில் வருகிற மாதிரி. ஐடிலிங்கில் ஒன்றும் வராது, வேகம் ஏறினால்தான் குரல் எழும்.

அசல் எக்ஸாஸ்ட் குழாயை அறுக்காதீர்கள். அதே வளைவில் இன்னொரு குழாய் செய்து அதில் வால்வை வையுங்கள். தரைப்பலகை, பெட்ரோல் குழாய் இரண்டிலிருந்தும் விலக்கி வையுங்கள், அந்தக் குழாய் மரத்தைக் கருக்கும். பழைய வால்வில் வெள்ளையாக நாராக அடைப்பு இருந்தால் அது அஸ்பெஸ்டாஸாக இருக்கலாம். உலர்வாகச் சுரண்டவோ ஊதவோ கூடாது.

பியூல் (Buell) விசில் என்று இன்னொன்று உண்டு. அது சிலிண்டரிலிருந்தே வாயுவை எடுத்து ஊதுவது. அதற்காகச் சிலிண்டர் ஹெட்டைத் துளைக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

பாம்பு வாய் ஹாரன் மாடல் டி-க்குப் பொருந்துமா?

மட்கார்டு மேல் நெளிந்து படுத்து, வாயைப் பிளந்து நிற்கும் அந்த ஹாரன் பெரிய பணக்கார வண்டிகளின் பகட்டு. மாடல் டி-யில் மாட்டினால் பட்டுவேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டதுபோல் இருக்கும். சந்தையில் இருப்பதில் பெரும்பகுதி புதுசும்கூட.

புளி போட்டுத் தேய்க்கலாமா?

பித்தளை உடம்பைத் தேய்க்கலாம், குத்துவிளக்குக்குச் செய்வதுதானே. ஆனால் புளி அமிலம், பற்றாசு வைத்த இணைப்பில் தங்கினால் அரிக்கும். உடனே கழுவி, துணியால் ஒற்றி, வெயிலில் காய வையுங்கள். நிக்கல் முலாம் மேல் வேண்டவே வேண்டாம். பஃபிங் சக்கரம் கொண்டு போய்ப் பெயர்த்தகட்டில் வைத்தால் ஐந்து நொடியில் எழுத்து போய்விடும். தகட்டின் மேல் டேப் ஒட்டிவிட்டு மற்ற இடத்தில் தேய்க்கச் சொல்லுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ன் 119-வது விதி, மாறி மாறிப் பல சுருதியில் ஒலிக்கும் ஹாரனையும், அளவுக்கு மீறிக் கரகரப்பாக, கீச்சென்று, மிரட்டுகிற மாதிரி ஒலிப்பதையும் தடுக்கிறது. ‘ஆ...ஊ...கா’வை ஊருக்குள் அடித்தால் போலீஸ்காரர் நிறுத்தக் காரணம் இருக்கிறது. 2021-ல் வந்த விண்டேஜ் பதிவு முறையில், 50 வருஷத்துக்கு மேலான, அசல் நிலையில் வைத்திருக்கும் வண்டிகளுக்கு ‘வி.ஏ.’ எழுத்துள்ள எண் கிடைக்கும். அவற்றைக் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்கலாம், அன்றாடப் பயணத்துக்கு இல்லை. அசல் நிலை என்று எழுதியிருப்பதால், கிளாம்ப்பில் பிடித்து வேண்டும்போது கழற்றக்கூடிய ஹாரன் பாதுகாப்பு.

என் ஹாரன் எவ்வளவு போகும்?

விலை சொல்வதில்லை. மாமா வீட்டுப் பரணில் கிடந்ததற்கு நான் ஒரு விலை சொல்லி, அப்புறம் மாமாவும் மருமகனும் பேச்சு நின்றுபோன கதை எனக்குத் தெரியும்.

படம் அனுப்பினால் என்ன வகை என்று சொல்வீர்களா?

சொல்கிறேன். ஆனால் வாயை மட்டும் எடுத்து அனுப்பாதீர்கள். பின்பக்கம் ஒன்று, தகடு இருந்தால் ஒன்று, பிராக்கெட்டின் துளைகளுக்குப் பக்கத்தில் அளவுகோல் வைத்து ஒன்று. தேய்ப்பதற்கு முன்னால் எடுங்கள்.